சுபேதாருக்குப் பக்கத்து இலை

மகள் ராணுவப் பயிற்சிக்குச் சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. கோவை ரயில் நிலையத்தில் பெட்டியில் ஏறி நின்று, விளையாட்டாக எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள். நானும் சிரித்துக்கொண்டே திருப்பி அடித்தேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு காரை விட்டு இறங்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

வாரத்துக்கு ஒரு முறைதான் போனில் பேசுகிறாள். மற்ற ஆறு நாட்களும் பூட்ஸ் காலைக் கடித்திருக்குமோ, வெயிலில் மயங்கி விழுந்திருப்பாளோ என்று நானாகவே ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்துவிட்டேன். "யாராச்சும் வாராங்களா?" என்று கணவர் கேட்டார். மூன்றாவது தட்டைத் திரும்ப எடுத்து அடுக்கில் வைத்தேன்.

அன்று மாலை அவள் பேசியபோது உற்சாகமாகத்தான் இருந்தாள். "அம்மா, நம்ம குடும்பத்துல யாராச்சும் பட்டாளத்துல இருந்திருக்காங்களா? இங்க ஒருத்தி தாத்தா கர்னல்ங்கிறா, இன்னொருத்தி கொள்ளுத்தாத்தா மேஜர்ங்கிறா. நான் தேங்காயெண்ணெய் ஆலைங்கிறேன்."

"ஒருத்தர் இருந்தார்" என்றேன். அதற்குள் அவளுடைய நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறைக்குக் காங்கேயத்தில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் ஆலையை மாமா பார்த்துக்கொண்டார். மாமாவை, சின்ன வயதிலேயே கணவரை இழந்து திரும்பி வந்திருந்த பெரியம்மா பார்த்துக்கொண்டார்.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வழக்கம். நோம்பி என்று அங்கே சொல்லும் பண்டிகை, விருந்து என்று எப்போது இலை போட்டாலும் வரிசையின் கடைசியில் ஓர் இலை கூடுதலாகப் போடுவார்கள். அதில் எல்லாவற்றையும் பரிமாறுவார்கள். யாரும் உட்கார மாட்டார்கள். பந்தி எழுந்ததும் வீட்டில் இருப்பதிலேயே சின்னக் குழந்தை அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான்தான் சின்னவள். அந்த இலைக்குத்தான் பெரியம்மா நெய் ஒழுக ஒழுக முதல் ஒப்பிட்டை வைப்பார். இனிப்புப் பூரணம் வைத்துத் தட்டிய அந்த ஒப்பிட்டுக்காகவே நான் நோம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு முப்பத்துமூன்று வயது. பதினோரு பெண் வீடுகள் கைவிட்டுப் போயிருந்தன. மாப்பிள்ளை மேல் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்று ஒரு வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது, உடுமலைப்பேட்டையில் ஒரு டீச்சர். பார்த்துவிட்டு வந்த நாள் முதல் மாமா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு முறை குளிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண்ணின் அப்பாதான் கொஞ்சம் இழுத்தார். அவர் ஓய்வுபெற்ற சுபேதார்.

"எங்கூடு ரெண்டு தலைமொறையாப் பட்டாளத்து ஊடுங்க தம்பி. துணிஞ்ச ரத்தத்துலதான் புள்ளையக் குடுக்கோணும்னு எனக்கு ஒரு எண்ணமுங்க" என்றாராம் அவர்.

மாமா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "எங்க பாட்டனுக்குப் பாட்டன் பாளையக்காரர் படையில தளபதிங்க."

"அப்படீங்களா. சாட்சி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"வீரக்கல்லே இருக்குதுங்க."

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை உங்க ஊடு பாக்க வாரமுங்க. அப்படியே அவரையும் பாத்துப்போடறேன்."

மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பெரியம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "கல்லு எங்கடா இருக்குது?" என்று மட்டும் கேட்டார். "தேடோணுமுங்க்கா" என்றார் மாமா.

எங்கள் முன்னோர் உடுமலைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரிலிருந்து காங்கேயத்துக்கு வந்தவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. புதன்கிழமை ஆலையின் வேனில் மாமா அங்கே கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். விசாரித்ததில் ஒரு தோட்டத்தைக் காட்டினார்கள். கிணற்றடியில் ஓர் அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இங்க வீரக்கல்லு ஒண்ணு இருக்குதாமாங்க?"

"இருக்குதுங்க. அது மேலதான் தொவைக்கிறேன். கத்தி வெச்சிட்டு ஒருத்தரு அடியில குப்புறப் படுத்திருக்காரு."

மாமாவின் முகம் மலர்ந்தது. நான்கு ஆட்கள் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். சேறும் பல வருடத்துச் சோப்பும் காரையாகப் படிந்திருந்தன. ஆனாலும் கையில் ஆயுதத்தோடு ஓர் ஆள் தெரிந்தார். காலடியில் நான்கு கால் பிராணி ஒன்றும் தெரிந்தது. "குதிரை" என்றார் மாமா. "தளபதி குதிரையை விட்டு எறங்கி நிக்கிறாரு."

"எடுத்துட்டுப் போங்க. ஆனா நாளைக்கு நான் எதுமேல தொவைக்கிறதுங்க?" என்றார் அந்த அம்மாள். மாமா அன்றே இரண்டு மூட்டை மதுக்கரை சிமெண்டு வாங்கி, கொத்தனார் வைத்து, சோப்பு வைக்கக் குழியோடு ஒரு துவைகல் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தளபதியை வேனில் ஏற்றினார்.

கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை எனக்கு. ஆலையில் தேங்காய் நாருக்கு என்ன பஞ்சம்? வெள்ளிக்கிழமை முழுவதும் சாம்பலும் நாரும் வைத்துத் தேய்த்தேன். மாலைக்குள் தளபதியின் கொண்டை தெளிந்தது, மீசை தெளிந்தது. பிறகு குதிரையின் வாயிலிருந்து இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த இரண்டு பற்கள் தெளிந்தன.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அது கடிவாளம், கண்ணு" என்றார். அதற்கு மேல் தேய்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கல் முன்வாசலில் நிமிர்ந்து நின்றது. குதிரை இருக்கும் இடத்தை மறைத்து ஒரு பெரிய சம்பங்கி மாலை. சுபேதார் மனைவியோடும் இரண்டு உறவினரோடும் வந்தார். நேராகக் கல்லின் முன் போய் நின்று கும்பிட்டார். பிறகு கைக்குடையின் நுனியால் மாலையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, குதிரைக்குக் கோரப்பல்லு இருக்குதுங்களே."

மாமாவைக் காப்பாற்ற நான் ஒருத்திதான் இருந்தேன். "அது கடிவாளமுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். சுபேதாரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட வந்தவர்கள் பொத்திக்கொள்ளவில்லை.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "பன்னிதானுங்க. காட்டுப் பன்னியக் குத்தின ஆளு போல இருக்குது. தளபதின்னு நானாச் சொன்னதுங்க. இந்தக் கல்லு எங்குளுதுதானான்னும் தெரியாதுங்க. புள்ளையப் புடிச்சுப்போச்சு, அதான்."

சுபேதார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செரிங்க. சாப்பாடு ஆயிருந்தா சாப்புட்டுப்போட்டுப் பொறப்படறமுங்க" என்றார். பெரியம்மா என் அம்மாவைப் பார்த்தார். பன்னிரண்டும் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

கூடத்தில் இலை போட்டார்கள். வரிசையின் கடைசியில் சுபேதார் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்து, வழக்கம்போல ஆளில்லாத அந்த இலை. பருப்பு, நெய், பொரியல், ஒப்பிட்டு எல்லாம் இரண்டு இலைக்கும் விழுந்தன. எல்லாரும் கை வைத்தார்கள். சுபேதார் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்புடுங்க" என்றார் மாமா.

"இன்னொருத்தர் வரோணுமாட்ட இருக்குதுங்களே. வரட்டும். பந்தியில ஒருத்தரை விட்டுப்போட்டுத் தின்னு பழக்கமில்லீங்க."

எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். அது எங்கள் வீட்டு வழக்கம், அவ்வளவுதான் என்றார் மாமா. திடீரென்று விருந்தாளி வந்தால் இருக்கட்டும் என்பதற்காக என்றார் அம்மா. காக்காய்க்கு என்றார் என் அப்பா. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை, அவருக்கு எதுவும் தெரியாது. சோற்றுப் போசியோடு நின்றிருந்த பெரியம்மா அதைத் தரையில் வைத்தார்.

"எங்கப்பாவோட சித்தப்பனுக்குங்க" என்றார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தொம்பது வயசாமுங்க. சந்தைக்கு மாடு ஓட்டீட்டுப் போனவரு, அங்கிருந்தே வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்துபோட்டாரு. பஸ்ராவோ என்னமோ, ஒரு ஊருல இருந்து ஒரே ஒரு கடுதாசி வந்துச்சாமா. நோம்பிக்கு வந்துருவேன், எனக்கும் ஒரு எலை போட்டு வையின்னு. அதுக்கப்பறம் இருக்காருன்னும் தகவல் இல்லீங்க, இல்லைன்னும் தகவல் இல்லீங்க. சாமி முன்னால எலை போட்டாப் போயிட்டாருன்னு ஆயிருமுன்னு, அவங்க ஆத்தா பந்தியிலயே போட்டாங்க. அவங்களை நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கறேன். அவங்களுக்கப்பறம் எங்கம்மா போட்டாங்க. இப்ப நான் போடறனுங்க."

"எங்கிட்ட இதை யாருமே சொல்லலீங்களே அக்கா" என்றார் மாமா.

"நீ கேக்குலியே சாமி. உடுமலைக்குத்தான் போனே."

சுபேதார் அவருடைய பெயரைக் கேட்டார். பெரியம்மா சொன்னார். பெயருக்கு முன்னால் சிப்பாய் என்று சேர்த்து, சுபேதார் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தி, தானும் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவருக்குக் கை இடிக்குமுங்க" என்றார். சாப்பிட ஆரம்பித்தார்.

ரசத்துக்கு வந்தபோதுதான் மறுபடி பேசினார். "பன்னிக்கு முன்னால நின்னதும் லேசுப்பட்ட காரியமில்லீங்க மாப்ள. அந்தக் கல்லைத் திரும்பக் குப்புறப் போட்டுறாதீங்க."

காலையிலிருந்து அவர் வாயில் தம்பிதான். அந்த 'மாப்ள' காதில் விழுந்ததும் பெரியம்மாவின் கரண்டியிலிருந்த ரசம் பாதி என் அப்பாவின் வேட்டியில் விழுந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தை இன்றைக்கும் கோபம் வந்தால் மாமாவைத் தளபதி என்றுதான் கூப்பிடுகிறார். கல் ஆலை வாசலில் நிற்கிறது. லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் அதற்குச் சூடம் காட்டுகிறார்கள்.

அன்று பந்தி எழுந்ததும் பெரியம்மா என்னைத்தான் அந்த இலையில் உட்கார வைத்தார். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. சமையலறையில் ஏற்கெனவே இரண்டு ஒப்பிட்டு தின்றிருந்தேன். கொஞ்சம் மிச்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணும் வெக்காத கண்ணு. முழுசாச் சாப்புடு" என்று எனக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். கை கழுவிவிட்டு வந்த சுபேதாரும் தூணோரம் நின்று பார்த்தார். கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றேன். அவசரத்தில் இலையை அந்தப் பக்கமாக மடிக்கப் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்து, திரும்ப வருகிற விருந்தாளி மடிப்பதுபோல என் பக்கமாக மடிக்க வைத்தார். பிறகு இலையைத் தானே இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார். அவர் முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது.

என்மேல் எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிரியமும்தான். ஆனால் அந்த வீட்டுப் பெண்களுக்கு வருடக்கணக்காக வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பரிமாறிய அந்த இலையை, சாப்பிட்டு முடித்த இலையாக எடுக்க வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை. நோம்பி அடுத்து எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன்.