பன்னிரண்டு நாற்பதுக்கு 0.23 ஆம்பியர்

இது நடந்தது. நேரம், அளவு எல்லாம் என் எலக்ட்ரீஷியன் வேலை நோட்டில் அப்படியே இருக்கின்றன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே நம்பாதவன்தான்.

புதிர் இதுதான். வீட்டில் எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது. ஆனாலும் துவைக்கிற கல்லருகே உள்ள குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. பகல் 12.40க்கு மட்டும். அதற்கு முன்னும் இல்லை, கொஞ்ச நேரம் கழித்தும் இல்லை. ஏன்?

ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீடு. வீட்டுக்காரர் நாகராசு அண்ணன் போன் செய்ததால் திருக்கோகர்ணத்திலிருந்து பைக்கில் போனேன். அவர் மனைவி செவந்தி அக்காவை அந்தக் குழாய் இரண்டு முறை தூக்கி எறிந்திருந்தது. வலது கை இன்னும் மரத்துத்தான் இருந்தது. மூன்றாவது முறை எறியாமல் பிடித்துக்கொண்டால் ஆள் போய்விடும். என் பயம் அதுதான். பேய் இல்லை.

அவர்களுக்கோ பேய்தான். நிலைப்படியில் எலுமிச்சம்பழம். மீட்டர் பெட்டிக்கு மஞ்சள் துணி. மெயின் சுவிட்சுக்கு விபூதிப் பட்டை! கும்பிட்டால் மலையேறுவதற்கு கரண்டு என்ன சாமியா?

"உச்சி வேளையில வருது பாய். எல்லாம் செஞ்சு பாத்தாச்சு" என்றார் நாகராசு.

"எல்லாம் செஞ்சீங்க. எர்த் கம்பிக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனீங்களா?"

கல்லருகே போனேன்.

கல்லுக்கு மேலே ஒரு காலி பல்பு ஹோல்டர். கரண்டு கொண்டுவரும் பேஸ் ஒயர் வீட்டிலிருந்து வருகிறது. கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் வரவில்லை. அதற்குப் பதில் இன்னொரு ஒயரை, ஷாக் அடிக்கும் அதே போர் குழாயில் சுற்றியிருந்தார்கள். நம் பக்கத்து வியாதி இது. நியூட்ரல் இழுக்கச் சோம்பல்பட்டு, பூமியையே நியூட்ரலாக்கிவிடுவார்கள். பல்பும் எரியும். ஒருநாள் குழாயைத் தொட்டவனும் எரிவான்.

"எந்தக் கழுதை செஞ்ச வேலை இது?"

"செஞ்சவரு இப்ப இல்ல தம்பி" என்றார் செவந்தி அக்கா.

"ஊரை விட்டு ஓடிட்டானா? நல்லது."

மெயினை அணைத்தேன். குழாயில் சுற்றிய ஒயரைப் பிடுங்கினேன். பேஸ் ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, ஆள் உயரத்தில் தொங்கவிட்டேன். மெயினைப் போட்டேன். ஒயரை வெட்டாமலே அதில் ஓடும் கரண்டைச் சொல்வது டாங் டெஸ்டர். அதை மீட்டர் பெட்டியில் அந்த ஒயர்மேல் கவ்வவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் கல் நேரே தெரியும்.

0.00.

"முடிஞ்சதுண்ணே. ஒங்க பேயை டேப் சுத்தி வச்சாச்சு."

"நாப்பது ஆகட்டும் பாய்."

12.39. 0.00. தோப்பில் காக்கைச் சத்தம் நின்றிருந்தது.

12.40. 0.05.

கருவிக் கோளாறு. வேறு ஒயரில் கவ்வவிட்டேன். 0.00. திரும்பவும் இங்கே... 0.05.

வோல்டேஜ் 230. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை கிடைக்கும். 230ஐ 0.05ஆல் வகுத்தேன். 4,600 ஓம். டேப் சுற்றிக் காற்றில் தொங்கும் ஒயருக்குத் தடை கோடிக்கணக்கில் இருக்க வேண்டும். காற்று கரண்டு குடிக்காது.

0.10. 2,300 ஓம்.

தடை இறங்குகிறது...

ம்ம்ம்ம்... டிரான்ஸ்பார்மர் முனகுவது போல ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் அரை கிலோமீட்டர் தள்ளி ரோட்டில் இருக்கிறது.

0.23. ஆயிரம் ஓம். அதிலேயே நின்றது.

சிரிக்கப் பார்த்தேன். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் பவர். 230ஐ 0.23ஆல் பெருக்கினால் 53 வாட். சாதாரண சீலிங் ஃபேன்கூட இதைவிட அதிகம் இழுக்கும். இந்தச் சோனிப் பேய்க்கா மஞ்சள் துணி?

சிரிப்பு வரவில்லை. ஆயிரம் ஓம்... தொழில் பழகியபோது மனப்பாடம் செய்த எண் அது.

காற்று வீசியது. ஓலைகள் ஆடின.

ஒயர் ஆடவில்லை. விறைப்பாக நின்றது. யாரோ பிடித்திருப்பது போல...

காய்ந்து கிடந்த கல் நனைந்தது.

முடி பொசுங்கும் வாடை.

12.44. 0.00.

ஒயர் ஆடத் தொடங்கியது.

மெயினை இறக்கினேன்.

"செஞ்சவரு பேரு மூக்கன், எங்க சித்தப்பா" என்றார் நாகராசு. "ரெண்டு வருசம் முன்னாடி, இதே கல்லுல குளிச்சவரு ஈரத்தோட பல்பு மாட்டுனாரு. மணி பன்னண்டு நாப்பது."

"பிடிச்சுக்கிருச்சு தம்பி" என்றார் செவந்தி அக்கா. "நான் தென்ன மட்டை எடுத்தாந்து அடிச்சு விலக்க நாலு நிமிசமாயிருச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கென்னக்கா?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன். கழுதை என்றிருக்க மாட்டேன்.

மின்சாரம் பாயும்போது மனித உடம்பின் தடை, கையிலிருந்து கால்வரை, சுமார் ஆயிரம் ஓம். முதலில் தோல் தடுப்பதால் சில ஆயிரம் இருக்கும். பொசுங்கப் பொசுங்க இறங்கும்.

மறுநாள் அந்த ஒயரை முழுதாக உருவி எறிந்தேன். புது எர்த் குழி போட்டேன். ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டினேன். போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் முப்பது மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது தானே விழுந்துவிடும். அதன் பிறகு செவந்தி அக்காவுக்கு ஒருமுறைகூட ஷாக் அடிக்கவில்லை.

தினமும் 12.40க்கு அது 'டக்' என்று விழுகிறது. விழட்டும். 12.44 வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பிறகு மேலே தள்ளினால் போதும்.