காக்கிக்கு எழுந்து நின்ற கடைக்காரர்

வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சான்றிதழ் எந்த மேசையில் தூங்கும் என்று எங்கள் தெருவுக்குச் சொல்வது இப்போதும் என் வேலைதான். சம்பளம்தான் கிடையாது.

என் மகளுக்குக் கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இருவரும் போனில் பேசி, இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுத் தெருவில் விசாரித்த பிறகுதான் வாக்குக் கொடுப்பார்கள். அவர்கள் வருவதற்குள் நான் மகளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுவிட்டேன். கல்யாணம் தாமதமாகலாம், கோப்பு தாமதமாகக் கூடாது.

பாஸ்போர்ட் என்றால் போலீஸ் அக்கம்பக்கத்தில் கேட்கும். தெருமுனை மளிகைக் கடைக்காரரைப் பிடித்து, காக்கிச் சட்டை வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினேன். பிறந்ததிலிருந்து இதே முகவரி. எந்த வழக்கும் இல்லை. நாட்டுக்கு விரோதமான செயல் எதுவும் இல்லை. இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அழகும் அடக்கமும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சொல்ல வேண்டியவை, போலீசுக்குத் தேவையில்லை.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி கரண்டியும் கையுமாக வந்தாள். "வரன் பேசுற நேரத்துல வாசல்ல காக்கிச் சட்டை நின்னா வெளங்குமா?"

அதுவும் நியாயம்தான். பரிசு கொடுக்கக் காக்கிச் சட்டை வந்தாலும், என்ன களவு போச்சு என்றுதான் எங்கள் தெரு கேட்கும். காவல் நிலையத்துக்குப் போய், சாதாரண உடையில் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்கள். இந்தத் திருத்தம் கடைக்காரருக்குப் போகவில்லை. அலுவலகமாக இருந்தால் அவருக்கு ஒரு நகல் போயிருக்கும்.

மறுநாள் காலை கட்டம் போட்ட சட்டையில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சார், மீன் கொழம்ப எழுத இந்தப் படிவத்துல எடமில்ல" என்றார்.

"என்ன மீன் குழம்பு?"

"ஒங்க மக வச்சா தெருவே மணக்குமாமே. கோயில் பாட்டுலயும் அவுகதான் முதல் குரலாம். கடைக்காரர் கடலைமிட்டாய் குடுத்து விடவே மாட்டேன்னுட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டம் போட்ட சட்டையைக் கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். போலீஸ்காரரும் பின்னாலேயே வந்தார்.

கடை வாசலில் காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். தொப்பி இல்லை, பெல்ட் இல்லை, தோளில் நட்சத்திரம் இல்லை. கடைக்காரருக்கு நிறம் போதும். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"பிள்ள மேல எந்தக் கேசும் கெடையாதுய்யா. நாட்டுக்கு விரோதமா எதுவும் செஞ்சதில்ல."

"நான் அதக் கேக்கலையேப்பா. பொண்ணு எப்பிடின்னுதான கேட்டேன்?"

"அதுக்கு மேல பேசக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காக."

வந்தவர் என் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளையின் தாய்மாமன். தனியார் பஸ் டிரைவர். இரண்டு டிரிப்புக்கு நடுவே விசாரிக்க வந்திருக்கிறார்.

"கேசு இல்லன்னு கேக்காமலே சொல்றாரே, ஏன் சார்?"

எல்லா விதியும் தெரிந்த நான் விதி எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குள் போலீஸ்காரர் முன்னால் வந்தார். "பாஸ்போர்ட்டுக்காகச் சொன்னதுங்க. இப்பத்தான் நானே விசாரிச்சேன். நான் போலீசு."

"போலீசா? காக்கி எங்க?"

"சார்தான் போட்டு வர வேணாம்னாரு."

இதைவிட மோசமாக யாரும் எனக்கு உதவியதில்லை. டிரைவர் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் நின்றுகொண்டிருந்த கடைக்காரரைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"வேலைக்குச் சேந்ததுலருந்து காக்கிதான் போடுறேன். படிக்கட்டுல தொங்குற பயகூட எனக்குப் பயந்ததில்ல. எந்திரிச்சு நின்ன மொத ஆளு நீகதான்! இப்பவாச்சும் சொல்லுங்க, பொண்ணு எப்பிடி?"

கடைக்காரர் அனுமதிக்காக என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மீன் குழம்பில் தொடங்கினார். டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் வாரோம். அந்தக் கொழம்பையே வச்சிருங்க, சம்மந்தி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறன்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வேனிலிருந்து முதல் ஆளாக இறங்கியவர் அவர்தான். கடைக்காரர் உட்கார்ந்தபடியே கேட்டாராம்: "யாரு நீக? எந்த வீட்டுக்கு?"