கொண்டி போடாத கதவு

"...அந்த மனுஷன் கட்டில்லயே கெடந்து போனாரு. அவருக்கு எதுக்குலே கதவு?" என்று அத்தை கேட்டபோது சித்தப்பா கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

தக்கலையில் பிளக்ஸ் அடிக்கும் கடை அவருக்கு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான். அத்தையின் ஒரே மகன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தபோது, பலகையில் என்ன போட என்று கேட்டிருக்கிறார் சித்தப்பா. "பொறவாசலுக்குக் கொண்டி போடல மக்கா" என்று மட்டும் சொன்னாள் அத்தை. வேலை முடிந்து பிந்தி வருகிற அவன், யாரையும் எழுப்பாமல் அந்த வழியாக வந்துதான் மூடி வைத்த சோற்றைச் சாப்பிடுவான். சித்தப்பா அதை அப்படியே போட்டார். ஊரே நின்று படித்து அழுதது.

அதன் பிறகும் அத்தை கொண்டி போடவில்லை. பூனை வந்து சோற்றை உருட்டும்.

அன்று வடசேரி பஸ்ஸில் போகும்போது, ரோட்டோரப் பலகையில் இறந்துபோன மளிகைக் கடைக்காரர் ஒருவரின் படத்துக்குக் கீழே, 'வாசல் கதவு திறந்தே இருக்கிறது அப்பா' என்றிருந்ததை அத்தை கண்டுவிட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கி, கடைக்கு வந்து நின்றாள்.

"பாத்து எழுதலக்கா. எல்லாரும் அது மாதிரி கேக்காங்க. யோசிச்சேன், வந்தது."

"எந்த வழியாலே வந்தது? எனக்க பொறவாசல் வழியாத்தானே?"

அப்போது ஒருவர் கையில் போட்டோவுடன் உள்ளே வந்தார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, அவருடைய மகள்.

"தம்பி, அந்தக் கதவு வரி உண்டுல்லா, அதையே போடும். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. அது யாரு எழுதினது?"

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் எழுதல அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல உள்ளதுதான். போட்டுக்கிடுங்க" என்றாள் அத்தை.

அடுத்த பஸ்ஸிலேயே அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் நேரே அடுக்களைக்குப் போய், புறவாசல் கதவைச் சாத்தினாள். இனி பூனை வராது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கொண்டி துருப்பிடித்து அசையவில்லை. அத்தை அம்மிக்குழவியைத் தூக்கி வந்து, அதைத் தட்டித் தட்டி இறக்கினாள்.