சொல்லாமல் விட்ட சிவப்புப் புள்ளிகள்

"ஆடி 11: இரண்டாம் தேன்பெட்டியில் புழுக்களின் மேல் சிவப்புப் புள்ளிகள். என்னவென்று பார்க்க வேண்டும்." என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

குஜிலியம்பாறைப் பக்கம் என் தோட்டத்துக்கு அடுத்தது ஆரோக்கியமேரி அக்காவின் தோட்டம். பத்து நாள் கழித்து அவருடைய ஒரே பெட்டியில் தேனீக்கள் குறைந்தன. பூசணி பூக்கும் நேரம். ஈ இல்லையென்றால் பிஞ்சு பிடிக்காது. கூட்டைப் பெருக்க, ஈயாக வளரும் புழு நிறைந்த தேனடை ஒன்றை என் இரண்டாம் பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் அவர் பெட்டியைச் சுற்றி இறக்கை சுருங்கிய ஈக்கள் தரையில் ஊர்ந்தன. கூடு அழிந்தது. அந்தப் புள்ளிகள் ஈயை உறிஞ்சும் உண்ணிகள் என்று அப்போதுதான் அறிந்தேன். குறிப்பேட்டை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏப்பா, அம்புட்டையும் எழுதுற. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குமா?"

பிஞ்சில்லாத கொடியைப் பார்த்தவர், உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார்.

"சீனிப் பொடி. தூவுனா உண்ணி உதிருமாம்ல? வா, ஒன் பெட்டியவாச்சும் காப்பாத்துவோம்."

உண்ணிகள் உதிர்ந்தன, என் கூடுகள் பிழைத்தன. அவர் கூட்டில் உண்ணி முன்பே இருந்ததா, நான் கொடுத்த அடையோடுதான் போனதா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அவர் அதைக் கேட்டதேயில்லை.