சூரியனுக்கு ஒரு பேணித் தகடு

பால்மாத் தகரப் பேணியை வெட்டி விரித்து, விரலகலத் தகடாக்கி, ஒரு நுனியைக் கால்விரல்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு மறுநுனியைக் குறட்டால் முறுக்குகிறார் மடுத்தீன். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒருவரைத் திட்டுவார். சோதனைச்சாவடியில் அவருடைய செம்புக் குழாயைப் பறித்தவனுக்கு மட்டும் மூன்று முறுக்கு.

தோட்டவெளி என்ற கடலோர ஊரில் வள்ள எஞ்சின் திருத்தியவர். போரில் கடலுக்குப் போகத் தடை வந்ததும் வள்ளங்கள் கரையில் காய்ந்தன. இவர் முருங்கனுக்கு அப்பால் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் மின்பிறப்பாக்கிக்குக் காவலானார். டீசல் தடை. செம்பு தடை. சவர்க்காரமும் தடை, நுரையால் அரசு கவிழும் என்று குளிரூட்டிய அறையிலிருந்து எவரோ கண்டுபிடித்திருக்கிறார். மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றினால் எஞ்சின் ஓடும். இருபது நிமிடத்தில் கொதித்து நிற்கும்.

அதற்குத்தான் தகடு. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர், கிணற்றுநீர்ப் பீப்பாய்க்குள் கிடக்கும் இரும்புக் குழாய் வழியே ஓடி ஆறித் திரும்புகிறது. குழாய்க்குள் முறுக்குத் தகடு இருந்தால் தண்ணீர் நேரே ஓடாமல் சுழன்று, குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு போகும். சூடு விரைவாக இறங்கும்.

பங்குத்தந்தை தந்த பழைய ஆங்கில விஞ்ஞானச் சஞ்சிகையை ஒருநாள், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான நான், அவருக்கு வாசித்துச் சொன்னேன். சூரியனைப் போல அணுக்களைப் பிணைத்து எரிக்கும் உலையொன்றை வெளிநாடுகளில் கட்டப் பார்க்கிறார்கள். கோடிப் பாகை வெப்பத்தைப் பார்த்து நிற்கும் உட்சுவர் உருகாதிருக்க, அதன் பின்னால் செம்புக் குழாயில் தண்ணீர். குழாய்க்குள்ளே, முறுக்கிய தகடு.

மடுத்தீன் குறட்டைக் கீழே வைத்தார்.

“என்ர தகட்டைக் களவெடுத்துப்போட்டாங்கள், மாஸ்டர்!”

“அவங்களுக்குச் செம்பு கிடைக்குது” என்றேன்.

“செம்பிருந்தா எருமையும் செய்யும்.”

அந்தச் சுவரைக் குளிரவைக்கப் பல அரசுகள் கூடியிருக்கின்றன. எங்கள் எஞ்சின் சுவரைக் கொதிக்கவைக்க ஒன்றே போதுமாயிருக்கிறது.

போன செவ்வாய் காலை பாலம்மாவைத் தூக்கி வந்தார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே கூலிக்கு நாற்று நடுபவள். வயிற்றில் ஷெல் துண்டு.

“ஒரு மணித்தியாலமாவது கரண்ட் வேணும், மடுத்தீன்” என்றார் டொக்டர். “இடையில நிண்டா ஆள் இல்லை.”

“ஓடும்” என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார் மடுத்தீன். நான் முறைத்தேன். “தகட்டை நான் பாக்கிறன், மாஸ்டர். மிச்சத்தை மடு மாதா பாக்கட்டும். அவவுக்கும் ஒரு வேலை வேணுமெல்லோ?”

பாலம்மாவின் கணவர் பெரியசாமி கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து பீப்பாயில் ஊற்றினார்.

“நின்னுறாதுங்களே, அய்யா?”

“கதைக்காமல் ஊத்தும்!” என்றார் மடுத்தீன்.

இருபது நிமிடம் போயிற்று. நாற்பதும் போயிற்று. புகை கறுத்தது; சத்தம் இரண்டு தடவை தடுமாறித் திரும்ப எழுந்தது. மடுத்தீன் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அறுபத்தெட்டாவது நிமிடத்தில் டொக்டர் வெளியே வந்தார். “இவ்வளவு காணும், நிப்பாட்டுங்கோ. ஆள் உயிர் தப்பிட்டா.”

எஞ்சின் நின்றது. பெரியசாமி வாளியோடு நின்றார்.

“இன்னும் ஊத்தணுங்களா, அய்யா?”

“ஓம். ஓட்டம் நிண்டாலும் சுவர் உடனை ஆறாது.” மடுத்தீன் வாளியை அவர் கையிலிருந்து பிடுங்கினார். “நீர் உள்ளுக்குப் போய் மனுசியைப் பாரும்.”

பிறகு வெறும் வாளியோடு தாமே கிணற்றடிக்கு நடந்தார்.