மூன்று நிமிடத்தில் போனை வெட்டும் எக்ஸ்சேஞ்ச் அம்மா

எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள். என் தையல் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் தனியாக இருக்கிறாள். பதினொரு வருடமாக எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அம்மா. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் புகுந்து “மூணு நிமிஷம் ஆச்சு” என்று சொல்வது இவள் வேலை. பிரசவச் செய்தியோ சாவுச் செய்தியோ, இவளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. அவள் புருஷன் இறந்தபோது துக்கம் கேட்க மாடியேறினேன். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “கடையில ஆள் காத்திருப்பாங்க, போ” என்றாள். எண்ணி மூன்று நிமிடம். அன்றைக்கே எனக்கு மனசு விட்டுப்போனது.

அதற்கப்புறம் நான் தைத்துக் கொடுத்த பிளவுஸின் கழுத்து பெரிசு என்று சண்டை. மாடிப்படி விளக்கை யார் அணைத்தது என்று சண்டை. எல்லாவற்றுக்கும் மேலே அவள் பால்கனியில் வைத்திருக்கும் அந்தப் பூந்தொட்டிகள்.

வெளியூரில் இருக்கும் மகன், தனியாக இருக்கும் வயசானவர்களோடு போனில் பேசும் ஓர் அமைப்பில் அம்மா பெயரைப் பதிந்துவைத்தான். தான் பேசுவதற்குப் பதிலாக ஆள் வைத்துவிட்டான் என்றுதான் நான் சொல்வேன். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பெண் கூப்பிடுவாள். ஒன்பதரைக்கே மேலே இரும்பு நாற்காலியை போன் பக்கத்தில் இழுத்துப் போடும் சத்தம், என் மெஷினுக்கு நேர் மேலே, பல்லைக் கூச வைக்கும். பால்கனியில் எட்டிப் பார்ப்பாள். தலை வாரி, மடிப்புக் கலையாத புடவையில் நிற்பாள். போனில் இவள் புடவையை யார் பார்க்கப் போகிறார்கள்?

பள்ளிக்கூடத்துச் சீருடை, நாற்பது வெள்ளைச் சட்டை, தைத்து முடித்து வாசலில் தொங்கவிட்டிருந்தேன். அவள் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர் செம்மண்ணோடு வழிந்து அத்தனையும் பாழ். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்து, அமைப்பின் பொறுப்பாளர் கையில் ஒரு ஃபாரத்தோடு வந்து நின்றார்.

“குறைஞ்சது பத்து நிமிஷம் பேசணும்னு எங்களுக்கு ஒரு விதிம்மா. இவங்க தினமும் மூணு நிமிஷத்துல வெச்சுடறாங்க. பேச விருப்பமில்லன்னு நினைக்கிறோம். அவங்க இடத்துக்கு நிறைய பேர் காத்துக்கிட்டிருக்காங்க. பக்கத்துல இருக்கறவங்க யாராவது கையெழுத்துப் போட்டா நிறுத்திடுவோம்.”

“மாடியில போய் அவங்களையே கேக்கறதுதானே?”

“கேட்டா சங்கடப்படுவாங்கம்மா. நகல் அவங்களுக்குத் தபால்ல போயிடும்.”

முதியவர் பேச விரும்புகிறாரா என்று ஒரு கேள்வி, எதிரே இரண்டு கட்டம். அவள் புடவை கட்டி, நாற்காலி இழுத்து, அரைமணி நேரம் முன்னாலேயே காத்திருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் செம்மண் படிந்த சட்டைகளைப் பார்த்தேன். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அடித்தபோது வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு நாற்காலி இழுபட்டது. பத்து மணிக்கு போன் அடிக்கவில்லை. வழக்கமாகப் பத்தேகாலுக்குள் நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விடும். அன்றைக்கு மதியம் வரை அசையவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நின்றுபோனது தெரிந்த பிறகும் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள்? ஆறாம் நாள் ஒரு சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. பழைய அளவு நோட்டை எடுத்து, அவள் மார்பளவுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த நம்பருக்கு போன் போட்டேன். மணி பத்து.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நான்தான். கீழ, தையல் கடை.”

“என்ன வேணும்?”

“உங்க தொட்டித் தண்ணியால நாப்பது சட்டை நாசமாப் போச்சு. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“என் பால்கனிக்குக் கீழ துணியை ஏன் தொங்கப்போடற? அந்த இடத்தை உனக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கா?”

“தொட்டியை ரெண்டடி உள்ள தள்ளி வெச்சா உங்க கிரீடம் இறங்கிடுமா?”

“முதல்ல கழுத்து வெட்டக் கத்துக்க. நீ தெச்ச பிளவுஸுல ரெண்டு பேர் தலை விடலாம்.”

நான் விடவில்லை, அவளும் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்கு வாயைத் திறந்தேன். அவள் குரல் சட்டென்று வேறு ஆளுடையதாக மாறியது, தெளிவாக, சமமாக.

“மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டட்டுமா?”

“என்னது?”

“இன்னொரு மூணு நிமிஷம் நீட்டணுமான்னு கேட்டேன். வேணும்னா வேணும்னு சொல்லு. வேண்டாம்னா வெட்டிடுவேன். எங்க வேலையில அதுதான் ரூல்.”

“அந்தப் பொண்ணுகிட்டயும் இதைக் கேட்டீங்களா?”

“தினமும் கேட்டேன். ‘வேண்டாம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க’ன்னு சொல்லும். நல்ல பொண்ணு. என் மகனும் வேண்டாம்னுதான் சொல்லுவான்.”

“நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.”

“தெரியும். நகல் வந்துது. கையெழுத்தும் உன் தையல் மாதிரியே கோணல். லைனைப் புடிச்சிக்கிட்டு நிக்காத. நீட்டட்டுமா, வேண்டாமா?”

வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

“நீட்டுங்க. கழுத்து விஷயத்தை நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல.”

தலைக்கு மேலே இரும்பு நாற்காலி, போன் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுபட்டது.