கட்டுக்குக் கீழே வந்த துளிர்

எங்கள் பெரியம்மா தன் பிறந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு மாமரத்தில் வந்துதான் நிற்பாள். நகரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்கிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். அங்கே கேணிமேட்டில் ஒரு மரம் இருந்ததாம். அதன் பழம் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். பழுத்துவிட்டதா என்பதைக் காம்படியில் முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நார் என்ற பேச்சே கிடையாது. யாரோ எப்போதோ எறிந்த கொட்டையில் முளைத்த மரம், அதனால் அதற்குப் பெயரும் கிடையாது, உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிதப்பு வரும். நாங்களோ திருத்தணிக்கு மேற்கே பங்கனபள்ளியும் ருமானியும் வைத்துத் தோப்புக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். பெரியப்பா எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார்.

அவர் எழுந்து போவதற்கு வேறு காரணமும் உண்டு. கல்யாணத்தின்போது தன் அக்காவைச் சம்பந்தி வீட்டார் வாசல் வரை வந்து வரவேற்கவில்லை என்று ஒரு கோபம். அன்றோடு மாமனார் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். அங்கிருந்து ஒரு கீற்று மாங்காய்கூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பெரியம்மா மட்டும் போய் வருவாள், வெறுங்கையோடு திரும்புவாள். ஆகையால் அந்தப் பழத்தை எங்கள் வீட்டில் அவளைத் தவிர யாரும் தின்றதில்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அவளுடைய தம்பிகள் அந்த நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த வருஷக் காய்ப்பு முடிந்ததும் மரங்களை வெட்டிவிடுவதாகப் பேச்சு. செய்தி வந்த அன்று பெரியம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிப் போனவள், சாயங்காலம் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டோடு வந்து இறங்கினாள். உள்ளே விரல் பருமனில் பத்து மாங்குச்சிகள். பெரியப்பா வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"பழந்தான கொண்டாரக் கூடாதுன்னு சொன்னீங்க? இது குச்சிதானங்க" என்றாள் பெரியம்மா.

பெரியப்பாவின் கைக்கு அடியில் குனிந்து அவள் உள்ளே போய்விட்டாள்.

நாட்டு மாங்கொட்டை முளைத்த பத்துக் கன்றுகளை மண் நிரப்பிய பைகளில் தயாராக வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் தலையையும் சீவி, நடுவில் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினாள். கை அவ்வளவு வேகம். ஆனால் அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒன்பது குச்சிகள் கறுத்துப் போயின. ஒன்றே ஒன்று பிழைத்து இரண்டு இலை விட்டது. அதை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நட்டு, சுற்றி முள் வைத்தாள். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

தை மாதம் சென்னையில் இருந்த அவளுடைய மகளுக்குக் கர்ப்பத்தில் ஏதோ சிக்கல். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை பிறந்து தேறும்வரை இருந்துவிட்டு வரலாம் என்று பெரியம்மா கிளம்பினாள். போவதற்கு முன் என்னை மட்டும் கன்றுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள்.

"பாப்பா, நல்லா கேட்டுக்கோ. இந்தக் கட்டுக்குக் கீழ எது துளிர் வுட்டாலும் கிள்ளிப் போட்ரு. மேல வர்றதத் தொடாத. மறந்துடக் கூடாது, இன்னா?"

"ஆங்" என்றேன்.

தோப்புக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ஒட்டு என்றால் என்னவென்று தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் தோப்பு நான் பிறப்பதற்கு முன்பே வைத்தது. ஒட்டு என்பது எனக்கு மரத்தின் அடியில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஆனால் கட்டு என்றால் என்னவென்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின புரட்டாசியில்தான் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் போகிற மாதிரி, புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டுப் போட்டவர் ஒவ்வொரு தடவையும், "கட்டுக்குக் கீழ வெரல் ஆடுதா? ஆடுச்சின்னா கூடிகினு வருதுன்னு அர்த்தம்" என்பார். மூன்று கட்டு ஆனதும் சிம்பைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

மாசி கடைசியில் கன்றின் கட்டுக்குக் கீழே துளிர் வந்தது. செம்பு நிறத்தில், மினுமினுப்பாக, மூன்று இடத்தில். எனக்கு ஒரே சந்தோஷம். விரல் ஆடுகிறது! உடைந்த கன்றுக்கு ஆதரவாகப் பெரியம்மா ஒரு சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறாள், கன்று தேறி வருகிறது என்பதுதான் என் வைத்திய ஞானம். அப்புறம் ஏன் கிள்ளச் சொன்னாள் என்று யோசிக்கத்தான் செய்தேன். அவசரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று முடிவு செய்துகொண்டேன். ஒன்பது வயதில் பெரியவர்களுடைய தவறுகளைத் திருத்துவதில் எனக்கு நல்ல ஆர்வம் இருந்தது. நான் கிள்ளவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். பங்குனியில் அவர் போனுக்குப் பெரியம்மா பேசினாள். எல்லோரையும் விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"பாப்பா, கட்டுக்குக் கீழ கிள்னியா?"

"ஆங், கிள்னேன் பெரிம்மா."

"குச்சி பச்சையா கீதா? நல்லா பாத்துச் சொல்லு. அங்க காய் எறங்கினதும் மரத்த வெட்டப் போறாங்க. இது சரியில்லன்னா இப்பவே தம்பிகிட்ட சொல்லி வேற குச்சி வெட்டி வெக்கச் சொல்றேன். அப்புறம் கேட்டா கெடைக்காது."

"நல்லா கீது பெரிம்மா. என் இடுப்பு உசரம் வந்துட்ச்சி."

அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "என் தங்கம்" என்றாள்.

குச்சி அப்போதே வாடியிருந்தது. எனக்கு அது தெரியும். சிம்பு காய்ந்தால் என்ன என்று நினைத்தேன். ஆனால் கிள்ளினேன் என்று சொன்னது பொய், அதுவும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், அவ்வளவுதான். திட்டிவிட்டு மறுநாளே தம்பிக்குச் சொல்லியனுப்பியிருப்பாள், அந்த மரம் பிழைத்திருக்கும். இப்போதுகூட மாம்பழக் காலம் வந்தால் நான் பழத்தைத் தொடுவதில்லை. என் பிள்ளைகள் அம்மாவுக்கு மாம்பழம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

பெரியம்மா ஆனி மாதம் திரும்பி வந்தாள். அதற்குள் நகரியில் மரங்களை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். காய்ந்த குச்சியை ஒடித்து எறிந்து, நாடாவையும் அவிழ்த்து, கன்றைச் சுத்தமாக வைத்திருந்தேன். அவள் பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராக மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனாள். நான் முன்னால் ஓடினேன்.

கன்று என் தோள் உயரம் இருந்தது. பெரியம்மா அதன் முன்னால் உட்கார்ந்தாள். தண்டைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினாள். ஓர் இலையைப் பறித்து, கசக்கி, முகர்ந்தாள். ஒட்டுக்கட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும், எந்த மரத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்பதை வெகுநாள் கழித்து ஒரு நர்சரிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று, வாசனை பிடித்துப்போய் முகர்கிறாள் என்று நினைத்தேன். அவள் முதலில் ஒரு தடவை முகர்ந்தாள். பிறகு வேறொரு கிளையில் இலை பறித்து இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"எவ்ளோ தண்ணி ஊத்தினேன் தெரியுமா?" என்றேன். கிள்ளியதைப் பற்றி மறுபடி கேட்டுவிடப் போகிறாளே என்று உள்ளுக்குள் பயம்.

அவள் கேட்கவில்லை. "ஆங்... நல்லா வளத்துட்ட" என்று சொல்லி என் தலையைத் தடவினாள். பிறகு எழுந்து, நான் வைத்திருந்த குடத்தை வாங்கி, தானே தண்ணீர் ஊற்றினாள்.

வயது ஏற ஏற நான் செய்த காரியம் எனக்கே புரிந்துவிட்டது. ஏழாவது படிக்கும்போது தோப்புக்குப் புதுக் கன்றுகள் வந்து இறங்கின. நாடாவுக்கு மேலே இருப்பதுதான் மரம், கீழே இருப்பது வெறும் நாட்டு வேர், கீழே வருகிற துளிரை விட்டுவைத்தால் மேலே இருப்பது காய்ந்துவிடும் என்று நைனா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெரியம்மாவுக்குத் தெரியாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஒருவேளை நாட்டு மரமே நல்ல பழமாகக் காய்த்துவிடலாம் என்றும் வேண்டிக்கொண்டேன். திருத்தணி மலைமேல் இருக்கிறவருக்கு முடி கொடுப்பதாகக்கூட ஒருதரம் நேர்ந்துகொண்டேன்.

என் பதினைந்தாவது வயதில் அது காய்த்தது. முப்பது காய் இருக்கும். வைக்கோலில் வைத்துப் பழுக்கவிட்டபோது பார்வைக்குத் தங்கமாக மஞ்சள் ஏறியது. பச்சையாகவே பழுக்கும் என்று சொன்னாளே என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் அவசரம். பெரியப்பாதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகத் தனக்கு வேண்டாம் என்று சொன்ன பழத்துக்காகக் காலையில் காபிகூடக் குடிக்காமல் இருந்தார் பாவம்.

ஒரு துண்டு வாயில் போட்டார். முகம் சுருங்கியது. பல்லில் சிக்கிய நாரை இழுத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார்.

"இதுக்கா முப்பது வருஷமா அந்த ஆட்டம் ஆடிகினு இருந்த? ஒலகத்திலேயே இல்லாத பழமாம்! ஒங்க வூட்டு ஆளுங்க பேச்சு மாதிரியேதான் கீது, வாயில வெக்க முடியல."

வீடே சிரித்தது. நைனா சிரித்தார், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பட்டது. இதை எழுதும்போதும் என் முகம் எரிகிறது.

பெரியம்மா ஒரு துண்டை நிதானமாகத் தின்று முடித்தாள். "ஆங், அப்பிடித்தான் போல. சின்ன வயசில தின்னது. அப்போ எது குட்தாலும் ருசியாதான் இருந்திருக்கும்" என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தப்பித்தேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அடுக்களையில் அவள் மீதிப் பழங்களை நறுக்கி, வெல்லம் போட்டுப் பச்சடி செய்துகொண்டிருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

"பெரிம்மா, அந்தக் கேணிமேட்டு மரம் நெஜமாவே இப்பிடித்தான் புளிக்குமா?"

அவள் இன்னும் கொஞ்சம் வெல்லம் எடுத்துப் போட்டாள். பிறகு மறுபடி நறுக்கினாள்.

"மறந்துபோச்சி பாப்பா. நீ போய்ப் படி."

நான் நம்பினேன். நிம்மதியாகப் போய்ப் படிக்கவும் செய்தேன். அன்றிலிருந்து பெரியப்பாவின் பழைய கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. மச்சான்களைப் பொங்கலுக்கு வீட்டுக்கே கூப்பிட்டார், வந்தவர்களிடம் மாம்பழக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுவதை அத்தோடு விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் பேசிப் பேசி அவளுக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.